கூட வர ஒரு ஆள்

"பெட்டியக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வைக்க முடியாதா அண்ணாச்சி?"

ஜெப்ஸி திரும்பத் திரும்ப இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் பொறுமைசாலி. "வயரு எட்டாதும்மா. பிளக்கு இந்தப் பக்கம்லா இருக்கு," என்று மறுபடியும் சுவரைக் காட்டினார்.

"எங்க கெடந்தா என்னளா அவளுக்கு," என்று ஈவாஞ்சலின் பெரியம்மா அழுகைக்கு நடுவிலேயே அதட்டினாள். "அவ பாட்டுக்குப் படுத்திருக்கா. நீ வந்து உக்காரு."

ஜெப்ஸி உட்கார்ந்தாள். பெட்டிக்குள் அவளுடைய அம்மா இன்பமணி, கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில் கிடந்தாள். ஐம்பதுகூட ஆகவில்லை. அன்று விடியற்காலையில்தான் மாரடைப்பில் போயிருந்தாள். ஐஸ் பெட்டி சரியாக இரும்பு பீரோவின் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. பீரோவின் கீழ்த்தட்டில், பழைய சேலைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் அம்மாவின் மாத்திரைகளும் மகளின் மாத்திரைகளும் கலந்து கிடந்தன. இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான். ராத்திரிக்கு அது வேண்டும். அம்மா செத்துக் கிடக்கும்போது மகள் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? நகைக்கு அலைகிறாள் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், நகை என்று நினைத்தால்கூடத் தேவலை.

எச்.ஐ.வி. என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. 'அது' என்பார்கள். ஜெப்ஸியின் அப்பா செல்வதுரை தூத்துக்குடித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவர். அவள் பால்வாடிக்குப் போகிற வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். காசநோய் என்று சொல்லி அடக்கம் பண்ணினார்கள். அதற்குப் பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் இருந்தது. இன்பமணி நாசரேத்துக்கு பஸ் ஏறிப் போய் அக்கா ஈவாஞ்சலினிடம் பாதியை மட்டும் சொன்னாள். "எனக்கு இருக்குக்கா. பிள்ளைக்கு இல்ல. கர்த்தர் காப்பாத்திட்டார்."

அந்தப் பொய்யில்தான் ஜெப்ஸி வளர்ந்தாள். ஒவ்வொரு கோடை லீவுக்கும் நாசரேத்தில் போய் நின்றாள். பெரியம்மா அவளை மடியில் வைத்துச் சோறு ஊட்டுவாள், மிச்சத்தை அதே கையால் தானும் சாப்பிடுவாள். இன்பமணிக்கு மட்டும் அந்த வீட்டில் ஒரு தனி டம்ளர். இதுதான் உனக்கு என்று யாரும் சொன்னதில்லை. அவள் போய் உட்கார்ந்தால் அதுவாக அவள் பக்கத்தில் வந்திருக்கும். அந்த டம்ளரைப் பார்த்த பிறகு எந்தத் தாய்தான் மிச்சப் பாதியைச் சொல்லுவாள்?

ஆனால் பொய் சொன்ன பயம் இன்பமணிக்கு உண்டு. அதனாலோ என்னவோ, வருசா வருசம் ஜெப்ஸியின் பிறந்தநாளை ஒட்டிக் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பாள். சபைப் போதகரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள். அதற்கென்றே பெரியம்மாவும் நாசரேத்திலிருந்து வந்து உட்கார்ந்திருப்பாள். ஐயர் பீடத்தில் நின்று வாசிப்பார்: "மகள் ஜெப்ஸிக்குப் பூரண சுகம் தந்ததற்காகத் தாய் இன்பமணி." சின்ன வயதில் பேர் மைக்கில் வருவது ஜெப்ஸிக்குப் பெருமையாக இருந்தது. விவரம் தெரிந்த பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா இந்த வேல?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"நீ உசுரோட இருக்கல்லா? அதுக்கு நன்றி சொல்லுதேன். அதுல என்ன பொய் இருக்கு?" என்றாள் இன்பமணி. கெட்டிக்காரி, வாதம் பண்ணி அவளை ஜெயிக்க முடியாது.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் ஒரே செம்புத் தண்ணீரில் மாத்திரை போடுவார்கள். முதலில் அம்மா, பிறகு மகள். பாட்டிலாக வைத்திருந்தால் பேர் தெரியும், கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் கேட்கும் என்று டப்பாவில் கொட்டிப் பஞ்சு அடைத்து வைத்திருந்தாள் அம்மா. ஜெப்ஸியின் விஷயம் தெரிந்த சொந்தம் உலகத்திலேயே ஒரே ஒருத்திதான். அவளும் இப்போது பெட்டிக்குள் கிடந்தாள். ஜெப்ஸிக்கு அழுகை வரத்தான் செய்தது. ஆனால் அழுகையைவிட பயம்தான் கூடுதலாக இருந்தது.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்த ஒருத்தி ஜெப்ஸியின் கன்னத்தைத் தடவினாள். "என்னளா செய்தது அம்மைக்கு? போன வாரம் கோயில்ல பாத்தேனே."

"ஹார்ட் அட்டாக்."

"ஹார்ட் அட்டாக்கா?" அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் உதட்டைப் பிதுக்கினாள். "அப்படித்தான சொல்லணும். வேற என்ன சொல்லதுக்கு, பாவம்."

காதில் விழாது என்று நினைத்துச் சொன்னது நன்றாகவே விழுந்தது. இத்தனை வருசமும் ஊருக்கு எதுவும் தெரியாது என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். தெரியாமலா இருக்கும்? தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வது ஒரு மரியாதை, அவ்வளவுதான். ஜெப்ஸிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. ஏ பொம்பளைகளா, சத்தியமா ஹார்ட்தான், நான் பக்கத்துல நின்னேன், மானிட்டர்ல கோடு ஓடினதப் பாத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவைப் பற்றி ஒரு முழு உண்மையைச் சொல்கிறாள், அதை நம்ப ஒரு நாதியில்லை.

உண்மை என்னவென்றால், இதை ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற ஏ.ஆர்.டி. சென்டரின் டாக்டரம்மா. ஈஸ்டர் முடிந்த கையோடு, அங்கே வருகிற பெண்களுக்கெல்லாம் கூடுதலாக ஒரு டியூப் ரத்தம் எடுத்தார்கள். வைரஸ் அளவு பார்க்கிற வழக்கமான பரிசோதனை வேறு, இது வேறு. அம்மாவுக்கும் எடுத்தார்கள், மகளுக்கும் எடுத்தார்கள். அம்மாவின் ரிசல்ட் முதலில் வந்தது.

"வைரஸ் இல்லன்னுதான டாக்டரம்மா வந்திருக்கு?" என்று கேட்டாள் இன்பமணி. அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

"வைரஸ் தூங்குதும்மா. மாத்திரை அதத் தூங்க வச்சிருக்கு. ஆனா உடம்பு அத நம்ப மாட்டேங்குது. எப்ப எந்திரிக்குமோன்னு ராவும் பகலும் காவல் காக்குது. காவல் காத்துக் காத்து ரத்தத்துல ஒரு சூடு ஏறிப்போகுது. சி.ஆர்.பி. அது இதுன்னு நாலஞ்சு டெஸ்ட் இருக்கு, அதுல தெரியும். உங்களுக்குக் கூடுதலா இருக்கு. அந்தச் சூடு ரத்தக் குழாயை உள்ளுக்குள்ளயே கெடுக்கும். மத்த பொம்பளைங்களவிட உங்களுக்கு ஹார்ட் பிரச்சினை சீக்கிரமா வர வாய்ப்பிருக்கு. எதுத்த பில்டிங்ல ஹார்ட் டாக்டரப் பாத்துட்டுப் போங்க."

"சரிம்மா," என்று சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

"ஏம்மா, அந்த பில்டிங் இந்தப் பக்கம்."

"சும்மா வாளா. நம்ம கோயில்காரி ரெண்டு பேரு அங்க நர்ஸா இருக்காளுவ. சீட்டுல இந்த சென்டர் சீலு கெடக்கு. பேரு சொல்லிக் கூப்புடுவாளுவ, சீட்டப் பாப்பாளுவ, அந்தால சாயங்காலத்துக்குள்ள ஊரே நாறிப் போவும். வைரஸ் இல்லன்னு வந்துட்டு, பொறவு என்ன?"

பிடிவாதம் என்று சொல்லலாம். ஆனால் அவளையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பூதத்துக்குப் பயந்து பயந்து இத்தனை வருசம் ஓட்டினவள் அவள். அது படுத்துவிட்டது என்று கேட்ட அன்றே இன்னொன்றுக்குப் பயப்பட அவளிடம் தெம்பு இல்லை. போன வாரம் ஜெப்ஸியின் ரிசல்ட்டும் வந்தது. சென்டரிலிருந்து போன் பண்ணினார்கள். "உனக்கும் கூடுதலாத்தான் இருக்குப்பா. சின்ன வயசுன்னு விடக்கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்து வந்து ஹார்ட்டைப் பாத்திருங்க." அம்மா அதையும் தள்ளிப்போட்டாள். "அடுத்த மாசம் மாத்திரைக்குப் போம்போது பாத்துக்கிடலாம். கட்டிக் குடுக்குற வயசுல ஹார்ட்டாம் ஹார்ட்டு."

முந்தின நாள் சாயங்காலம் அம்மாவுக்குத் தாடை வலித்தது, முதுகு வலித்தது. வாய்வு என்றாள். பக்கத்து வீட்டு சண்முகவடிவு அக்கா ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். குடித்துவிட்டு ஏப்பம் விட்டு, மாத்திரையும் போட்டுவிட்டுப் படுத்தாள். விடிவதற்கு முன்னால் உடம்பெல்லாம் வேர்த்துத் தெப்பமாக நனைந்து எழுப்பினாள். ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வயரெல்லாம் மாட்டிக்கொண்டே டியூட்டி டாக்டர் கேட்டார், "வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

அம்மாவின் விரல்கள் ஜெப்ஸியின் மணிக்கட்டை இறுக்கின. அந்த வலியிலும் அவள் தலையை இல்லை என்று அசைத்தாள்.

"பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர்," என்றாள் ஜெப்ஸி.

பிடி தளர்ந்தது. அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அதை ஜெப்ஸி பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? அநேகமாக இல்லை. ரொம்ப லேட்டாக வந்திருக்கீங்க என்றுதான் அந்த டாக்டரும் சொன்னார். ஆனாலும் அம்மா கடைசியாகக் கேட்டது தன் வாயிலிருந்து வந்த ஒரு பொய் என்பது ஜெப்ஸியை விடவில்லை.

சாயங்காலம் சவப்பெட்டி வந்தது. ஐஸ் பெட்டியை எடுத்தார்கள். பீரோ கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஜெப்ஸி ஒரு அடி எடுத்து வைத்தாள், அதற்குள் பெரியம்மா அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "எங்களா போற? அம்மையக் கடைசியா முத்தம் செய்யி," என்று ஓவென்று அழுதாள். ஜெப்ஸி குனிந்து முத்தம் செய்தாள். நெற்றி ஈரமாகச் சில்லிட்டிருந்தது. பெட்டியை மூடினார்கள்.

கோயிலில் ஐயர் நல்ல விதமாகத்தான் பேசினார், அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "இந்தத் தாய் வருசந்தோறும் படைத்த ஸ்தோத்திரக் காணிக்கை நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அவளுடைய ஜெபம் கேட்கப்பட்டதற்குச் சாட்சியாக அவளுடைய மகள் இன்றைக்கு நம் நடுவில் சுகத்தோடு இருக்கிறாள்." ஜனங்கள் திரும்பி ஜெப்ஸியைப் பார்த்தார்கள். பெரியம்மா அழுதுகொண்டே, "ஆமென்," என்றாள். ஜெப்ஸி தரையைப் பார்த்தாள். எழுந்து ஓட முடியாது, கோயில் நிறைய ஆள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது வீடு முழுக்க பினாயில் நாற்றம். சண்முகவடிவு அக்கா அடக்கத்துக்கு வரவில்லை. வீட்டைக் கழுவிவிட ஒரு ஆள் வேண்டுமென்று அவளைப் பெரியம்மா நிறுத்திவிட்டுப் போயிருந்தாள். அம்மா படுத்த பாயையும் தலையணையையும் காணவில்லை. பீரோ திறந்து கிடந்தது. சேலைகள் அழகாக மடித்து அடுக்கியிருந்தன. கீழ்த்தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, இதுல ஒரு பிஸ்கட் டப்பா இருந்துச்சே?"

சண்முகவடிவு அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க பெரியம்மாதான் சொல்லிட்டுப் போனாவ. அம்மா மருந்து மாத்திரை ஒண்ணுகூட வீட்ல கெடக்கக் கூடாது, எவ கண்ணுலயும் படக்கூடாதுன்னு. எல்லாத்தையும் கக்கூஸ்ல கொட்டி வாளி வாளியாத் தண்ணி ஊத்திட்டேன். டப்பாவக் குப்ப வண்டிக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான். ஏன், அதுல வேற ஏதும் வச்சிருந்தியா?"

"இல்லக்கா."

பெரியம்மா பின்னாலேயே நின்றிருந்தாள். "நாந்தான் சொன்னேன். நாலு பேரு வந்து போற வீடுளா. எவளாவது எடுத்து என்ன மாத்திரைன்னு போன்ல போட்டுப் பாத்தா? செத்த பொறவாவது எந்தங்கச்சி மானத்தோட கெடக்கட்டும்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

இவளிடம் எப்படிக் கோபப்படுவது? ஜெப்ஸி பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். ஒரு ராத்திரி மாத்திரை போடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, அது அவளுக்கும் தெரியும். ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட விட்டதில்லை. நாளைக்கே சென்டருக்குப் போனால் கொடுப்பார்கள். துக்க வீட்டிலிருந்து மறுநாள் காலையில் எங்கே போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்கு ஒரு பொய் வேண்டும். நாசரேத்துக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொள்வதாகப் பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பையைக் கட்டு, ஜெபம் முடிந்ததும் கிளம்பலாம் என்றும் சொல்லிவிட்டாள். அங்கே போய் ராத்திரிதோறும் ஒரு பொய். மாசந்தோறும் தூத்துக்குடிக்கு வர ஒரு பொய். ஹார்ட் டாக்டரிடம் போக இன்னொன்று. இத்தனை நாளும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிய சுமை இது. இரண்டு பேர் தூக்கியே அம்மா ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள், தனியாளாகத் தூக்கினால் தனக்கு என்ன ஆகும் என்று ஜெப்ஸிக்குத் தோன்றியது. அவளுக்குச் சாகப் பிடிக்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் ஐயர் வந்தார். அடக்கம் முடிந்த வீட்டில் ஒரு ஜெபம் வைப்பது வழக்கம். சொந்தக்காரர்கள், சங்கத்துப் பெண்கள் என்று வீட்டு முற்றம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டுப் பாடி, வேதம் வாசித்து முடித்தார்கள். ஐயர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "ஜெபக் குறிப்பு ஏதாவது இருந்தாச் சொல்லுங்க. எல்லாருமாச் சேர்ந்து ஜெபிப்போம்," என்றார்.

பெரியப்பா அருமைநாயகம் தொண்டையைச் செருமினார். "குடும்பத்துக்கு ஆறுதல் வேணும்யா. பொறவு, தாயில்லாப் பிள்ள. வருசம் திரும்புறதுக்குள்ள பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் அமையணும்."

"ஆமா, ஆமா," என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

"நிச்சயமா. நல்ல சுகமுள்ள பிள்ள, படிச்ச பிள்ள, வேலைக்குப் போற பிள்ள. கர்த்தர் அமைச்சுத் தருவார்," என்று ஐயர் கண்களை மூடப் போனார்.

"ஐயா, எனக்கு ஒரு குறிப்பு இருக்கு."

ஜெப்ஸியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. ஐயர், "சொல்லும்மா," என்றார். பாதிப் பேர் அதற்குள் கண்ணை மூடியிருந்தார்கள்.

"அம்மாவுக்கு இருந்தது எனக்கும் இருக்கு."

என்னது என்றுகூட யாரும் கேட்கவில்லை. அதிலிருந்தே எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று ஜெப்ஸிக்கு விளங்கிவிட்டது.

"பொறந்ததுல இருந்தே இருக்கு. அம்மா உங்ககிட்ட எல்லாம் இல்லன்னு சொல்லிட்டா. நான் தினமும் மாத்திரை சாப்பிடுதேன், நல்லாத்தான் இருக்கேன். ஆனா அம்மா செத்தது நெசமாவே ஹார்ட் அட்டாக்லதான். இந்த வியாதி இருக்க பொம்பளைங்களுக்கு அது சீக்கிரம் வருமாம், ரத்தத்துல பாத்துச் சொன்னாங்க. போய் டாக்டரப் பாருன்னாங்க. பேரு வெளிய தெரிஞ்சிரும்னு அம்மா போகல. எனக்கும் ரத்தத்துல அப்படித்தான் இருக்குன்னு வந்திருக்கு. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போணும். எப்பவும் அம்மாதான் கூட வருவா." மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "கூட வர ஒரு ஆள் வேணும். அதுக்கு ஜெபிச்சுக்கிடுங்க."

ஐயர் மடியில் கிடந்த கண்ணாடியை எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு எல்லாரும் தலைகுனிந்தார்கள். அவர் நீளமாகத்தான் ஜெபித்தார். திக்கற்ற பிள்ளைகளுக்காக ஜெபித்தார், துக்கப்படுகிறவர்களுக்காக ஜெபித்தார். "சகோதரியின் தேவைகளை நீர் அறிவீர்," என்றார். நாளைக்கு என்ற வார்த்தையும் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையும் அவர் ஜெபத்தில் வரவில்லை. கூட வருகிற ஆளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. பாவம், மனுசன் மிரண்டுபோயிருந்தார். காணிக்கையை வாசித்தது அவர்தானே.

ஆமென் சொன்னதும் செருப்புத் தேடுகிற சத்தம் கேட்டது. வழக்கமாகத் துக்க வீட்டில் கடுங்காப்பி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் கிளம்புவார்கள். இன்றைக்கு எல்லாருக்கும் அவசரம். ஒருத்தி பிள்ளைக்குப் பரீட்சை என்றாள். ஒருத்தி பஸ் போய்விடும் என்றாள். ஜெப்ஸியின் கன்னத்தைத் தடவியவள் இப்போது தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சண்முகவடிவு அக்கா மட்டும், "பாவிப் பிள்ள, நான் கொட்டிட்டேனே," என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளையும் புருஷன்காரன் வந்து வீட்டுக்குக் கூப்பிட்டான்.

பெரியம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். வீட்டு வாசற்படியருகில் ஒரு நாற்காலியில் ஜெப்ஸி. நடுவில் முற்றம் முழுக்கக் காலி நாற்காலிகள்.

"வருசா வருசம் பீடத்துல வாசிச்சாரே," என்றாள் பெரியம்மா கடைசியில். ஜெப்ஸியைப் பார்த்துச் சொல்லவில்லை. "நானும் ஆமென் ஆமென்னு சொன்னேனே. ஒத்த வயித்துல பொறந்தவ நான். ஊருக்குப் பொய் சொல்லட்டும், என்கிட்ட எதுக்குளா மறச்சா?"

ஜெப்ஸியிடம் அதற்குப் பதில் இருந்தது, அந்தத் தனி டம்ளர். இன்றைக்கு அதைச் சொன்னால் பெரியம்மா தாங்க மாட்டாள். பெரியம்மாவுக்கே அந்தப் பதில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வெளியே கார் ஹாரன் அடித்தது. பெரியப்பா கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "ஈவா, நேரமாவுது. வா, போவோம்," என்றார். பெரியம்மாவை மட்டும்தான் கூப்பிட்டார். ஜெப்ஸியின் பை வாசலுக்கு உள்ளே கட்டி வைத்தபடி இருந்தது. அதை எடு என்று அவர் சொல்லவில்லை. பெரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். கார்க் கதவு திறக்கிற சத்தமும் சாத்துகிற சத்தமும் கேட்டன. என்னமோ பேசினார்கள், பெரியப்பாவின் குரல் ஒரு தடவை உயர்ந்தது. பிறகு கார் கிளம்பி, தெரு முனையில் திரும்பிப் போயே போய்விட்டது.

சரி, இவ்வளவுதான் என்று ஜெப்ஸி நினைத்தாள். அம்மா என்று கூப்பிட்டு அழ வேண்டும் போலிருந்தது. அதைக் கேட்க ஒருத்தரும் இல்லாத வீட்டில் சத்தம் போட்டு அழக் கூச்சமாக இருந்தது.

கேட்டுச் சத்தம் கேட்டது. பெரியம்மா தன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பழைய நாற்காலியிலேயே, கேட்டுக்குப் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள்.

"காலைல எப்ப போணும்?"

"சீக்கிரமே போணும் பெரியம்மா. நேரம் ஆக ஆகக் கூட்டம் கூடிரும்."

"வாரேன்," என்றாள் பெரியம்மா. "ஆனா உங்கூடப் பேச மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சரி பெரியம்மா."

பந்தல்காரர் மாசானம் அண்ணாச்சி குட்டியானை வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கூட்டம் இவ்வளவு சீக்கிரம் கலைந்ததில் அவருக்கு ஆச்சரியம். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தூக்கிக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார். முற்றம் காலியானதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பெரியம்மாவையும் ஜெப்ஸியையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்திரிங்க என்று துக்க வீட்டில் எப்படிச் சொல்வது?

"இது ரெண்டும் கெடக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் பெரியம்மா. "நாளைக்கு நாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த பொறவு எடுத்துக்கிடுங்க."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கேட்டருகில் ஒரு நாற்காலியும் வாசற்படியருகில் ஒரு நாற்காலியும் அவர் போட்ட இடத்திலேயே கிடந்தன. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.